நூற்றுக்கு ஒரு ரூபாய்

14 ஜூலை 2025, திங்கள்

மழை விடவில்லை. பத்தாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குப் போகும் பாதையில் மண் சரிந்துவிட்டது என்று காலையிலேயே ஆள் வந்து சொன்னார்கள். குடையோடு போய்ப் பார்த்து, போட்டோ எடுத்து, எஸ்டேட் ஆபீசுக்கு அனுப்பினேன். திரும்பும் வழியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை என்று இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை. பஞ்சாயத்து மெம்பர் ஆகி நாலரை வருடம் ஆகிறது. இன்னும் மூடிதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மதியம் கம்மிட்டி நோட்டீஸ் வந்தது. ஆகஸ்ட் ஏழாம் தேதி கூட்டம். மலையாளம் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். தெருவிளக்கு, அங்கன்வாடிக் கூரை, குப்பை வண்டி என்று விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். ஆறாவது வரியில் விரல் நின்றுவிட்டது. ஆம்புலன்சுக்காகச் சுற்றுலா சேவைக் கட்டணம், நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய், மீண்டும் பரிசீலிக்க.

மறுபடியுமா?

சாயங்காலம் பிரசிடெண்ட் பெர்சி டீச்சர் போனில் பேசினார்.

"நோட்டீஸ் பாத்தியா கோமதி? இந்தத் தடவை விடமாட்டேன். எலெக்‌ஷனுக்கு முன்னாடி முடிச்சிரணும். அன்னைக்கு நீ மட்டும் வந்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். பாவம், காய்ச்சல்ல கெடந்துட்ட. இந்தத் தடவை ஒடம்பப் பாத்துக்க, என்ன?"

"சரி டீச்சர்" என்றேன். வேறு என்ன சொல்ல.

15 ஜூலை, செவ்வாய்

விடியும் நேரத்தில், எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. குருவக்காவின் இருமல். அடுப்புப் பற்றவைக்கும்போது மூன்று முறை இருமுவாளே, அதே மாதிரி மூன்று.

அந்த வீடு பூட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

16 ஜூலை, புதன்

போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். துரு கையில் ஒட்டியது. ஜன்னல் வழியாகப் பார்க்கத் தைரியம் இல்லை.

18 ஜூலை, வெள்ளி

அண்ணன் வந்திருந்தான். பஜாரில் சாக்லேட், தேயிலைத்தூள், ஏலக்காய் விற்கும் கடை. அதற்கு மேலே டூரிஸ்ட்டுகளுக்கு நாலு அறை. வியாபாரிகள் சங்கத்துக்கும் அவன்தான் செக்ரட்டரி. மணிகண்டன் தங்கச்சி என்றுதான் இந்த வார்டில் எனக்கு முதல் ஓட்டுகள் விழுந்தன. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எனக்கும் அருண்பாண்டிக்கும் அவன்தான் எல்லாம். பையன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிப்பதும் அவன் தயவில்.

ஈரக்குடையை வாசலில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். சுற்றி வளைக்கவில்லை.

"ஆறாம் நம்பர் வருதாம்ல?"

"ஆமாண்ணே."

"ஏன் கோமதி, நான் கேக்கேன். நாங்க ஜிஎஸ்டி கட்டுதோம். லைசென்ஸ் ஃபீஸ் கட்டுதோம். எஸ்டேட் கம்பெனிக்காரன்ட்ட போய்க் கேக்க இவுகளுக்கு வாய் வராது. சர்க்கார்ட்ட கேக்க வாய் வராது. சாக்லேட் விக்கிறவன் சட்டையத்தான் பிடிப்பாகளா? ஆம்புலன்ஸ் குடுக்க வேண்டியது நானா?"

அவன் சொல்வதில் தப்பில்லை. கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை. அதற்கு யார் என்ன செய்வது?

"சீசன்ல மழை பேஞ்சா போச்சு. மண்ணு சரிஞ்சா போச்சு. ரூம் கட்டுன லோனு தலைக்கு மேல நிக்குது. பில்லுல புதுசா ஒரு வரி பாத்தான்னா அவன் வேற ஊருக்கு வண்டியத் திருப்பிருவான்."

காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தான். வாசலில் நின்று சிரித்தான்.

"ஏழாந்தேதி அன்னைக்கும் காச்சல் வருமாட்டி ஒனக்கு?"

விளையாட்டாகத்தான் சொன்னான். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

20 ஜூலை, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாததை இந்த நோட்டிலாவது சொல்கிறேன்.

2023 செப்டம்பர் 13. அன்றைக்கும் இதே தீர்மானம். அறை வாடகைக்கும் டூரிஸ்ட் கடைகளின் பில்லுக்கும் நூற்றுக்கு ஒரு ரூபாய். அரிசிக்கடை, மருந்துக்கடை, நாம் போகும் கடை எதற்கும் கிடையாது. விற்பனை வரி போடப் பஞ்சாயத்துக்கு அதிகாரம் இல்லையாம். அதனால் கட்டணம் என்று பெயர் வைத்து, மேலே அனுமதி கேட்கலாம் என்றார் பஞ்சாயத்து செக்ரட்டரி. அந்தப் பணத்தில் ஆக்சிஜன் வைத்த ஆம்புலன்ஸ் ஒன்று, டிரைவர் இரண்டு பேர், ஒரு நர்ஸ். வண்டி எப்போதும் இங்கேயே நிற்கும். ஏப்ரலில் வண்டி வந்துவிடும் என்று பெர்சி டீச்சர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

நாங்கள் பதினான்கு பேர். நான் போய்க் கை தூக்கியிருந்தால் ஏழுக்கு ஏழு. சமமாக வந்தால் பிரசிடெண்டுக்கு இன்னொரு ஓட்டு உண்டு. பாஸாகியிருக்கும்.

முந்தின நாள் அண்ணன் வந்தான். "எதுத்துக் கை தூக்குன்னு நான் சொல்லல. ஒன் லைன்காரங்க சும்மா விடமாட்டாக. நீ போகாத, அம்புட்டுதான். காச்சல்னு படுத்துக்க."

படுத்துக்கொண்டேன்.

பட்டப்பகலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தேன். பதினொரு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு குருவக்கா வந்தாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காட்டிலிருந்து வந்து அடுப்பு மூட்டியிருக்கிறாள். தூக்குவாளியில் கஞ்சி, மேலே பருப்புத் துவையல். பக்கத்தில் உட்கார்ந்து என் நெற்றியில் கையை வைத்தாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்த விரல். ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

"சூடு எறங்கிருச்சு போல" என்றாள். அவ்வளவுதான். கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன்.

சூடு ஏறினால்தானே இறங்க? அவளுக்குத் தெரிந்திருக்குமா? கையை வைத்துப் பார்த்தவளுக்குத் தெரியாதா?

அன்றைக்கு ஆறுக்கு ஏழு. தோற்றது.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

21 ஜூலை, திங்கள்

மீதி.

2024 மே 22. லீவு சீசன். காலை பத்தரை இருக்கும். காட்டில் கொழுந்து நிறை எடுக்கும் இடத்தில் குருவக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் என்று ஓடிவந்து சொன்னார்கள். நான் மெம்பர், என்னிடம்தான் நம்பர் இருக்கும் என்று. போன் போட்டேன். இந்தப் பக்கத்துக்கு இருந்த ஒரே ஆம்புலன்ஸ் வேறு கேசோடு கீழே போயிருந்தது. திரும்பிவர ரெண்டரை மணி நேரம் ஆகும் என்றார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, உடனே கீழே கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். ஜீப்பில் ஏற்றினோம். முன்னால் அவள் புருசன் பிச்சைமணி மச்சான். பின்னால் என் மடியில் குருவக்கா தலை.

டவுனைத் தாண்டவே ஒரு மணி நேரம். சாலை முழுக்க டூரிஸ்ட் வண்டி. காரிலிருந்து இறங்கி மலையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஜீப்பு ஹாரனுக்கு எவன் வழி விடுவான்? எல்லா வண்டியும்தான் ஹாரன் அடிக்கிறது.

"கோமதி, நெஞ்சுல கைய வச்சுக்க. எடுத்துராத" என்றாள். வைத்திருந்தேன். எடுக்கவே இல்லை. பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்து வளைவில் என் கைக்கு அடியில் அது நின்றது. நின்றது எனக்குத் தெரிந்தது. மச்சான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரலில் வந்திருக்க வேண்டிய வண்டி.

24 ஜூலை, வியாழன்

பிச்சைமணி மச்சான் போடியிலிருந்து வந்திருக்கிறார். குருவக்கா போன பிறகு மகள் இந்து வீட்டோடு அங்கேதான் இருக்கிறார். மரணச் சான்றிதழ் இன்னொரு காப்பி வேண்டுமாம். வீட்டைக் காலி பண்ணிச் சாவியும் கொடுக்க வேண்டுமாம். என்னைத்தானே தேடி வருவார்? ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

காகிதத்தை வாங்கி வெளியே வந்து என்னிடம் நீட்டினார்.

"இந்தக் கட்டத்துல என்ன எழுதிருக்கு? எல்லா எடத்துலயும் கேக்காக, எனக்குச் சொல்லத் தெரியல."

இறந்த இடம் என்ற கட்டம். கூட்டிப் படித்தேன். "யாத்ராமத்யே" என்றேன்.

"அப்படின்னா?"

"வழியில… போற வழியில மச்சான்."

தலையாட்டினார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம கிராமசபைன்னு டீச்சர் சொன்னாக. இருந்து பேசிட்டுப் போறேன். எனக்கு இன்னும் இங்கதான ஓட்டு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ ஏன் புள்ள இப்படி மெலிஞ்சு போன?" என்றார்.

27 ஜூலை, ஞாயிறு

கிராமசபை. எஸ்டேட் கிளப்பில் உட்கார இடமில்லாத கூட்டம். லைன்காரர்கள் ஒரு பக்கம், பஜார் ஆட்கள் ஒரு பக்கம். கூலிக்காரனுக்கும் வரி உண்டா என்று ஒருத்தர் கேட்டார். இல்லை, வாங்குகிற டூரிஸ்ட்தான் கொடுப்பான், கடைக்காரர் வசூல் பண்ணிக் கட்டினால் போதும் என்று டீச்சர் மூன்று முறை சொன்னார். அண்ணன் எழுந்து லோனைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசினான். பாதிப் பேர் கைதட்டினார்கள். நன்றாகத்தான் பேசினான்.

அதன் பிறகு மச்சான் எழுந்தார். மைக்கை வாங்கவில்லை.

"எனக்குப் பேசத் தெரியாது. என் வீட்டுக்காரி முப்பத்தோரு வருசம் இங்க கொழுந்து கிள்ளுனா. அவ செத்த எடம் எதுன்னு சர்க்கார் காயிதத்துல எழுதிக் குடுத்துருக்காக. நடுவழியாம். சாகுறதுக்கு அவளுக்கு ஒரு எடம்கூட இல்லாமப் போச்சு. நூறு ரூவாய்க்கு ஒரு ரூவாதான கேக்காக? அதுவும் ஒங்க காசு இல்ல. வாங்கித்தான் குடுங்களேன்."

அவர் உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார்.

"நம்ம மெம்பரு மேலயும் தப்பு சொல்ல முடியாது. அன்னைக்குக் காச்சல்ல கெடந்துச்சு. என் வீட்டுக்காரிதான் கஞ்சி காச்சிக் கொண்டுபோனா. இல்லன்னா அன்னைக்கே இது பாஸாயிருக்கும். மெம்பரு நம்ம புள்ள."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து அண்ணனும் பார்த்தான்.

டீச்சர் மைக்கை என் கையில் கொடுத்தார். "தீர்மானத்தை ஆதரிக்கிறேன்" என்று நாலு வார்த்தைகூட ஆகாத ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

28 ஜூலை, திங்கள்

நெற்றியில் கை. யாரோ வைத்த மாதிரி. விழித்தால் விடிந்திருந்தது, யாரும் இல்லை. நெற்றி மட்டும் சில்லென்று இருந்தது.

2 ஆகஸ்ட், சனி

கடைக்குக் கூப்பிட்டிருந்தான் அண்ணன். மதினி சாப்பாடு போட்டாள். மீன் குழம்பு. சாப்பிட்டு முடிக்கும் வரை அவன் பேசவில்லை.

"கிராமசபைல ஆதரிக்கேன்னு சொன்ன. சரி, கூட்டத்துக்குச் சொன்ன, விட்டுட்டேன். கம்மிட்டில என்ன செய்யப் போற?"

"கை தூக்கப் போறேண்ணே."

"அருண்பாண்டி பரீட்சை எப்போ?"

தட்டில் கிடந்த மீன் முள்ளை ஒதுக்கினேன்.

"அது கெடக்கட்டும், பிள்ளையப் படிக்க வைக்கிறத நான் நிறுத்தமாட்டேன். அம்புட்டு ஈனப்பய இல்ல நான். ஆனா ஒண்ணு, கோமதி. நீ கை தூக்குனா அன்னைக்கு நீ ஏன் வரலங்கறத பிச்சைமணிட்ட நானே சொல்லிருவேன். நம்ம புள்ளன்னு சொன்னாம்லா? அவனுக்கும் தெரியட்டும்."

மதினி உள்ளே பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

"நீதானண்ணே படுக்கச் சொன்ன?"

"நான் சொன்னேன். படுத்தது யாரு?"

3 ஆகஸ்ட், ஞாயிறு

படுத்தது நான்.

6 ஆகஸ்ட், புதன்

காலையில் பக்கத்து வீட்டில் சத்தம். எழுந்து சுவரில் காதை வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மச்சான் போடியிலிருந்து மறுபடி வந்து, பூட்டைத் திறந்து சாமான் கட்டுகிறார்.

இனி தள்ளினால் முடியாது என்று தோன்றியது. அண்ணன் வாயால் அவர் கேட்கக் கூடாது.

போனேன். அடுப்படியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, பழைய சேலையில் பாத்திரங்களை வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். காய்ச்சல் இல்லை மச்சான். அண்ணன் போகாதே என்றான். போகவில்லை. பொய் சொல்லிப் படுத்திருந்தேன். எழுதும்போது இத்தனை வரி. சொன்னபோது நாலு மூச்சில் முடிந்துவிட்டது.

அவர் கை முடிச்சில் இருந்தது. முடிச்சை அவிழ்த்தார். மறுபடி போட்டார்.

"அவ அன்னைக்கு அரை நாள் லீவு போட்டா."

"தெரியும்."

"கஞ்சியக் குடிச்சியா?"

"குடிச்சேன்."

கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றேன்.

"சரி. நீ போ" என்றார்.

வெளியே வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். அவர் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனார். வேறு வழி கிடையாது இந்த லைனுக்கு. தாண்டும்போது ஒதுங்கிப் போனார், ஈரச்சுவரில் படாமல் ஒதுங்குவோமே, அப்படி.

7 ஆகஸ்ட், வியாழன்

ஆறாவது விஷயத்தை எடுத்ததும் எழுந்தேன்.

"ஓட்டுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். 2023 செப்டம்பர் பதிமூணாந்தேதி கூட்டத்துக்கு நான் வரல. காய்ச்சல்னு லீவு லெட்டர் குடுத்தேன். அது பொய். வியாபாரிகள் சங்கத்துல வரவேண்டாம்னாக. அதனால வரல."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். எதிர்ப்பக்கத்து மெம்பர் ஒருத்தர் சத்தமாகச் சிரித்தார். செக்ரட்டரி பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மெம்பரே, இது மினிட்ஸில் வேணுமோ?"

"வேணும் சார். எழுதுங்க."

எழுதினார். பிறகு ஓட்டு. ஏழுக்கு ஏழு. டீச்சர் தன் இரண்டாவது ஓட்டைப் போட்டார். பாஸ்.

வெளியே வரும்போது டீச்சர் என் கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. "ஒன்ன நம்பித்தான கோமதி அன்னைக்குத் தீர்மானத்த வச்சேன்" என்று மட்டும் சொன்னார். ஜெயித்த முகமே இல்லை அவருக்கு.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இந்து போன் பண்ணினாள். எடுத்தேன்.

"அப்பா வந்து சொன்னாரு சித்தி. நாலு நாளா சோறு எறங்கல அவருக்கு."

"என்னைய என்ன வேணாலும் சொல்லு இந்து. கேட்டுக்கிறேன்."

"அம்மாவுக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்குச் சாயங்காலமே எனக்குப் போன்ல சொல்லுச்சு. கோமதிக்குக் காச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல, நெத்தி ஜில்லுனு இருக்கு. அவ அண்ணங்காரன் என்னமோ சொல்லிருக்கான், பயந்துபோய்ப் படுத்துருக்கா. தனியாக் கெடக்காளேன்னு கஞ்சி ஊத்திக் குடுத்துட்டு வந்தேன்னு. நீ கேக்கலியான்னேன். கேட்டா அவ பொய் சொல்லணும்ல, அதான் கேக்கலன்னுச்சு."

போனைக் கீழே வைத்தது தெரியவில்லை.

தெரியும். தெரிந்துதான் எட்டு மாதம் எனக்குக் குழம்பு கொடுத்தா, தண்ணி பிடிச்சு வச்சா. தெரிந்துதான் ஜீப்பில் என் கையைக் கேட்டா. எம்மா… எப்படி முடிஞ்சுது ஒனக்கு? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல குருவக்கா. பொய்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் ஒரு வார்த்தை.

11 ஆகஸ்ட், திங்கள்

இருமல் இல்லை. காத்திருந்தேன். இல்லை.

கேட்டபோது பயம். கேட்காதபோது அதைவிடப் பெரிய பயமாக இருக்கிறது.

30 ஆகஸ்ட், சனி

லைனில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்வதில்லை. குழாயடிக்குப் போனால் பேச்சு நிற்கிறது. ஒருத்தி மட்டும் கேட்டாள்: "எவ்வளவு வாங்குனீக?" வாங்கவில்லை என்றேன். "வாங்காமயா?" என்றாள். வாங்கியிருந்தால்கூட அவளுக்குப் புரிந்திருக்கும் போல.

1 நவம்பர், சனி

அனுமதி வந்து, இன்றிலிருந்து கட்டணம் அமல். பெண்களுக்கென்று இருந்த வார்டு இந்தத் தடவை பொதுவாகிவிட்டது. எப்படியும் கட்சியில் என் பெயரை எடுத்திருக்கமாட்டார்கள். டீச்சரும் நிற்கவில்லை.

9 டிசம்பர், செவ்வாய்

வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். எனக்கு முன்னால் அண்ணன். திரும்பிப் பார்க்கவில்லை.

18 ஜனவரி 2026, ஞாயிறு

கொழுந்து கிள்ளப் போய் ஒரு மாதம் ஆகிறது. அஞ்சு வருடம் விட்ட விரல், தோல் உரிகிறது.

பஜாரில் மதினியைப் பார்த்தேன். அண்ணனுக்குத் தெரியாமல் பேசினாள். பில்லில் அந்த ஒரு ரூபாயைத் தனியாகத் தெரியும்படி பெரிய எழுத்தில் அடித்துக் கொடுக்கிறானாம், டூரிஸ்ட் சண்டை போடட்டும் என்று. இரண்டரை மாதமாக ஒருத்தர்கூடக் கேட்கவில்லையாம். பார்ப்பதுகூட இல்லையாம்; மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம்.

சிரித்தாள் மதினி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்காகவா?

9 மார்ச், திங்கள்

வண்டி வந்துவிட்டது. முதல் வசூலில் முன்பணம் கட்டி வாங்கியது. புது பிரசிடெண்ட் நாடா வெட்டியதாகச் சொன்னார்கள். நான் காட்டில் இருந்தேன். இரண்டு மணி வாக்கில் கீழே ரோட்டில் சைரன் கேட்டது. சும்மா ஓட்டிப் பார்க்கிறார்களாம். எல்லோரும் கிள்ளுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் குனிந்தே இருந்தேன். கையில் இருந்த கொழுந்து கசங்கிப் போயிருந்தது.

இருபத்து மூன்று மாதம் தாமதம்.

2 ஏப்ரல், வியாழன்

ஏழாம் நம்பர் லைனில் ஒருவரைப் பாம்பு கடித்தது. வண்டி போனது. பிழைத்துவிட்டார். கேட்டதும் சந்தோஷப்பட வேண்டும், பட்டேன். அடுத்த நிமிடமே, இப்படித்தானே அவளும் என்று வந்தது. இனி யார் பிழைத்தாலும் எனக்கு இப்படித்தான் இருக்கும்.

19 ஏப்ரல், ஞாயிறு

மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் பிச்சைமணி மச்சான். எட்டு மாதத்துக்குப் பிறகு. இந்து புருசனுக்கு இங்கே ஒரு ரிசார்ட்டில் டிரைவர் வேலை கிடைத்து, குடும்பத்தோடு தேவிகுளத்துக்கே வந்துவிட்டார்களாம். எனக்குத் தெரியாது. என்னிடம் யார் சொல்வார்கள்?

உள்ளே வரவில்லை. படிக்குக் கீழேயே நின்றார்.

"இந்துவுக்கு ஏழாவது மாசம். அந்த வண்டி நம்பரு ஒங்கிட்ட இருக்கும்ல. எழுதிக் குடு."

என்னைப் பெயர் சொல்லவில்லை. புள்ள என்று சொல்லவில்லை. மெம்பர் என்று சொல்ல நான் மெம்பரும் இல்லை.

காகிதத்தில் பெரிய பெரிய எண்ணாக எழுதினேன். கொடுத்தேன். கையைப் பார்த்தபடி வாங்கினார். "கூப்புட்டா எடுப்பாங்களா?" என்றார்.

எடுப்பார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. என் வாய்ச்சொல்லை அவர் எதற்கு நம்ப வேண்டும்? போனை எடுத்து அவர் முன்னாலேயே போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார் டிரைவர்.

"பஞ்சாயத்து ஆம்புலன்ஸ். எங்க வரணும்?"

"கேஸ் இல்ல தம்பி. நம்பர் சரிதானான்னு பாத்தேன். ஒரு புள்ளத்தாச்சி வீட்டுக்கு வேணும்."

"சரிதான் சேச்சி. எந்நேரமானாலும் விளிச்சா மதி, வந்துருவோம்."

மச்சான் காகிதத்தை மடித்தார். இரண்டாக, நாலாக. சட்டைப்பையில் வைத்துப் பையை ஒரு தட்டுத் தட்டினார். கட்டஞ்சாயா போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நாலு எட்டு நடந்தவர் நின்றார். திரும்பவில்லை.

"வண்டி வந்தா தொணைக்கு ஏற ஒன்னத்தான் கூப்புடணுமாம். கைய ஒன்ட்டதான் குடுப்பாளாம்."

நான் ஒரு படி கீழே இறங்கினேன்.

"நான் சொல்லல. அவ சொன்னா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் கொடுத்த தேதியைக் கேட்க மறந்துவிட்டேன். ஏழாவது மாதம் என்றால் ஜூன் கடைசி, தள்ளினால் ஜூலை. மழைக்காலம். இன்றிலிருந்து போனை சார்ஜ் போட்டே வைத்திருக்க வேண்டும்.